உப்புக்காற்று ஊரில் ஒரு பழைய ஜீப்: வீட்டிலேயே வெல்டிங் கற்கப் புதியவருக்கு முழுமையான வழிகாட்டி

காரைக்கால் கடலோரத்துக் கருக்களாச்சேரியில் இரும்பை நம்பி எதையும் வெளியே விட்டுவைக்க முடியாது. கேட்டின் கீழ்க்கம்பி, சைக்கிள் செயின், மொட்டைமாடியில் டிஷ் ஆன்டெனாவைத் தாங்கும் குழாய் என எல்லாவற்றையும் கடற்காற்று அரித்துவிடும். இப்படிப்பட்ட ஊரில் பழைய ஜீப் ஒன்றை வாங்கி வாசலில் நிறுத்தி, அதைச் சீர்செய்தபடியே வெல்டிங்கும் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று ஒருவர் சொன்னால் வீட்டில் திட்டுத்தான் விழும். ஆனால் அது அவ்வளவு கிறுக்கு யோசனை இல்லை. பழைய ஜீப்பின் பாடி பெரும்பாலும் தட்டையான தகடு. வளைவு நெளிவு குறைவு, தகடும் ஓரளவு கனம். ஃப்ளோரில் போடும் ஒட்டு அழகாக இல்லாவிட்டாலும் மேலே மேட் விரித்துவிடலாம். கற்றுக்குட்டிக்கு இதைவிடத் தோதான வண்டி கிடைக்காது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கடற்கரையில் வெல்டிங் என்பது வேலையில் சிறிய பங்குதான். துருப்பிடித்த தகட்டை எங்கே வரை வெட்டுவது, வெட்டிய இடத்தை எப்படிச் சுத்தம் செய்வது என்று தெரிந்தவர் பற்ற வைத்தால்தான் அந்த ஒட்டு நிற்கும். தெரியாமல் பற்ற வைப்பது துருவுக்கு மேல் துருவை ஒட்டும் வேலை.

படி 1: எந்த வண்டி?

மஹிந்திரா நிறுவனம் 1945இல் தொடங்கி, அடுத்த சில ஆண்டுகளிலேயே அமெரிக்காவின் வில்லிஸ் ஜீப்பை இங்கே பூட்டி விற்க ஆரம்பித்தது. வில்லிஸ் 1953இல் கொண்டுவந்த சி.ஜே. 3பி என்ற உயரமான பானெட் மாடல், அமெரிக்காவில் நின்றுபோன பிறகும் இந்தியாவில் நெடுங்காலம் ஓடியது. போலீஸ் ஜீப், பி.டி.ஓ. ஜீப், தேர்தல் நேரத்து ஒலிபெருக்கி ஜீப் என்று நம் ஊர்களில் பார்த்தவற்றில் பெரும்பாலானவை அந்தக் குடும்பம்தான். பின்னால் வந்த எம்.எம். 540, எம்.எம். 550, மேஜர், கமாண்டர் எல்லாம் அதன் வாரிசுகள். புதியவர் இவற்றில் ஒன்றை எடுக்கலாம்.

1985இல் வந்த மாருதி ஜிப்ஸியும் பலருக்குக் கனவு வண்டி. ஆனால் அதன் தகடு மெல்லியது, மடிப்புகளும் அதிகம். அதை இரண்டாவது வண்டியாக வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே வாங்குவது என்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. நாகப்பட்டினம், காரைக்கால், கடலூர் என்று கடலோரத்தில் ஓடிய வண்டியின் விலை குறைவாக இருக்கும். அந்த மிச்சம் முழுக்கத் தகட்டுக்கே போய்விடும். போடி, கம்பம் பக்கமிருந்து இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்புகளில் உப்புத்துரு இருக்காது. பதிலுக்கு, அளவுக்கு மீறி ஏற்றி ஏற்றிச் சேஸில் விரிசல் விட்டிருக்கலாம். என்னைக் கேட்டால், விரிசல் விட்டாலும் காய்ந்த வண்டியே மேல். விரிசலைக் கண்ணால் பார்க்கலாம், ஒரு நல்ல வெல்டரிடம் கொடுத்துச் சரிசெய்யலாம். உள்ளிருந்து அரிக்கும் துரு அப்படிக் கண்ணில் படாது.

படி 2: ஆர்.சி.யை முதலில் படியுங்கள்

வண்டியைப் பார்க்கப் போகும்போது டார்ச்சும் சின்னச் சுத்தியலும் எடுத்துப்போகிறோம். ஆர்.சி.யில் உள்ள சேஸ் நம்பர், இன்ஜின் நம்பர் இரண்டையும் வண்டியில் பொறித்திருப்பதோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அந்தச் சுத்தியலை எடுக்க வேண்டும். சொந்தப் பயன்பாட்டு வண்டிக்குப் பதிவு 15 ஆண்டுகளுக்கு. அதன் பிறகு 5 ஆண்டுக்கு ஒருமுறை வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். தமிழ்நாட்டு வண்டியைக் காரைக்காலுக்குக் கொண்டுவந்தால் தடையில்லாச் சான்று வாங்கி பி.ஒய். 02 எண்ணுக்கு மாற்ற வேண்டிய வேலையும் சேரும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள தயாரிப்பாளர் விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதியாகச் சொன்னது. ஹரியானாவின் மண்டி டப்வாலியில் பழைய ஜீப்பை விரும்பியபடி கட்டித் தருவார்கள், பார்க்க மிடுக்காகவும் இருக்கும். ஆனால் கட்டியது ஆர்.சி.யோடு பொருந்துகிறதா என்பதுதான் கேள்வி. நீங்கள் வீட்டில் செய்ய வேண்டியது மறுசீரமைப்பு மட்டும். இருந்த தகட்டுக்குப் பதில் அதே அளவில் தகடு. நீளத்தைக் கூட்டுவது, சேஸை வெட்டிக் குறைப்பது எல்லாம் வேண்டாம்.

வண்டிக்கு 50 வயது தாண்டியிருந்தால், 2021இல் வந்த மத்திய விதிப்படி விண்டேஜ் வண்டியாக வி.ஏ. வரிசை எண்ணில் பதியலாம். அப்படிப் பதிந்தால் கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்குத்தான் சாலையில் எடுக்க முடியும். தினமும் ஓட்ட நினைப்பவருக்கு அது சரிப்படாது.

படி 3: எந்த மெஷின்?

நம் ஊர்க் கடைகளில் மூன்று விதம் பார்த்திருப்பீர்கள். பழைய டிங்கர்கள் கையில் இருப்பது கேஸ் வெல்டிங். மெல்லிய தகட்டுக்கு அருமையானது. ஆனால் ஆக்சிஜன், அசெட்டிலின் சிலிண்டர்களை வீட்டில் வைத்துக் கற்பது எனக்கு உவப்பில்லை. கேட், கிரில் செய்யும் கடைகளில் இருப்பது ஆர்க். மூன்றாவது, கடைக்காரர்கள் சி.ஓ.டூ வெல்டிங் என்று சொல்லும் மிக்.

புதியவருக்கு நான் சொல்வது: முதலில் 200 ஆம்பியர் இன்வெர்ட்டர் ஆர்க் மெஷின். ஒற்றை ஃபேஸில் ஓடும், கையில் தூக்கிப் போகலாம். 12 நம்பர் ராடு, அதாவது 2.5 மி.மீ. 6013 ராடை 60 முதல் 90 ஆம்பியரில் ஓட்டலாம். 10 நம்பர் என்கிற 3.15 மி.மீ. ராடுக்கு 90 முதல் 130 வரை தேவை. அது சேஸ் கனத்துக்கு ஏற்றது. ஃப்ளோர் தகட்டுக்கு 2 மி.மீ. ராடு கிடைத்தால் 40 முதல் 60 ஆம்பியருக்குள் வேலை முடியும்.

80 ஆம்பியரில் ஓட்டும்போதே வீட்டின் 16 ஆம்பியர் பிளக் திணறத் தொடங்கும். மீட்டருக்குப் பக்கத்திலிருந்து தனி எம்.சி.பி., தனி கனமான வயர் இழுத்துக்கொள்ளுங்கள். எர்த் குழியைத் தொழில் தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் காட்டிச் சோதியுங்கள். உப்பு மண்ணில் எர்த் கம்பி துருப்பிடித்து அறுந்து கிடப்பது கண்ணுக்குத் தெரியாது.

ஆர்க்கில் கை நிதானப்பட்ட பிறகு, தகட்டு வேலைக்கு மிக் மெஷினை வாங்கலாம், வாடகைக்கும் எடுக்கலாம். 0.8 மி.மீ. ஒயர் போதும். காஸ் வைத்து ஓட்டும் சாதா ஒயருக்கு டார்ச் பாசிட்டிவில் இருக்க வேண்டும். காஸ் இல்லாமல் ஓடும் ஃப்ளக்ஸ் ஒயருக்கு டார்ச் நெகட்டிவில். இதை மாற்றி மாட்டிவிட்டு மெஷினைத் திட்டுபவர்கள் நிறையப் பேர்.

படி 4: காற்று, கண், பெட்ரோல்

காஸ் மிக்கின் எதிரி காற்று. ஒயரின் முனையைச் சுற்றிக் காஸ் நின்றால்தான் பற்று சுத்தமாக விழும். லேசான காற்றே அதைக் கலைத்துவிடும், பீடு என்கிற வெல்டிங் கோடு முழுக்கப் பொத்தல் விழும். மதியத்துக்கு மேல் கொண்டல் அடிக்கத் தொடங்கினால் இங்கே திறந்த வாசலில் காஸ் மிக் ஓட்ட முடியாது. விடிந்ததிலிருந்து பத்து மணி வரை காற்று அடங்கியிருக்கும், அதுதான் நேரம். மதியத்துக்குக் கிரைண்டர் வேலையை வைத்துக்கொள்ளுங்கள், அல்லது ஃப்ளக்ஸ் ஒயருக்கு மாறுங்கள்.

லுங்கியும் பனியனும் செருப்புமாக வெல்டிங் செய்பவர்களை எல்லா ஊரிலும் பார்க்கிறோம். அவர்கள் பிழைத்திருப்பது நமக்கு முன்மாதிரி ஆகாது. கனமான பருத்திச் சட்டை, முழுக்கால் சட்டை, தோல் கையுறை, மூடிய தோல் ஷூ வேண்டும். நைலான் கலந்த துணி உருகித் தோலோடு ஒட்டும். முகத்துக்குத் தானாகக் கருக்கும் ஹெல்மெட் இப்போது எட்டும் விலையில் கிடைக்கிறது, 10 அல்லது 11 ஷேடில் வையுங்கள். கண்ணில் ஆர்க் அடித்தால் அந்த நேரத்தில் ஒன்றும் தெரியாது. நள்ளிரவில் கண்ணுக்குள் மணலைக் கொட்டியதுபோல் உறுத்தும். தாய்ப்பால் விடு, உருளைக்கிழங்கு வை என்பார்கள். கண் டாக்டரிடம் போங்கள். பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளுக்கும் இதே ஆபத்து உண்டு என்பதால், தெருப்பக்கம் ஒரு தார்ப்பாய் கட்டிவிடுங்கள்.

ஈரத்தரையில் நின்று ராடு மாற்றாதீர்கள். மெஷின் சும்மா இருக்கும்போதும் ஹோல்டர் முனையில் 60, 80 வோல்ட் இருக்கும். வியர்த்த கைக்கும் ஈர மணலுக்கும் நடுவே அது போதும். காய்ந்த பலகை ஒன்றைக் காலடியில் போட்டுக்கொள்ளுங்கள்.

பழைய வில்லிஸ் வகை ஜீப்பில் பெட்ரோல் டேங்க் டிரைவர் சீட்டுக்கு அடியிலேயே இருக்கிறது. நீங்கள் முதலில் வெட்டப்போகும் ஃப்ளோரும் அங்கேதான். டேங்கைக் கழற்றி வெளியே கொண்டுபோய் வைக்காமல் கிரைண்டரைக்கூட ஆன் செய்யக்கூடாது. காலி டேங்க்தானே என்று சமாதானம் சொல்லாதீர்கள். நிறைந்த டேங்கைவிட ஆவி நிறைந்த காலி டேங்க் மோசமானது. அதில் ஓட்டை இருந்தால் அதை நீங்கள் பற்ற வைக்க வேண்டாம், கடைக்கே போகட்டும். பேட்டரியையும் கழற்றி வையுங்கள். வேலை முடிந்த பிறகு அரை மணி நேரமாவது வண்டியை விட்டு நகராதீர்கள். மேட் விரிப்புக்கு அடியில் புகையும் நெருப்பு மெதுவாகத்தான் எழும்.

படி 5: காயலான் கடைத் துண்டுகளில் கை பழகுதல்

ஜீப்பைத் தொடும் முன் காயலான் கடையில் 1.6 மி.மீ., 3 மி.மீ. தகட்டுத் துண்டுகள் கொஞ்சம் வாங்கி வாருங்கள். ஒரு பக்கம் துருவையும் பெயின்ட்டையும் வெள்ளையாகத் தேயுங்கள். எர்த் கிளாம்பைத் தேய்த்த இடத்தில் மாட்டுங்கள். புதியவர் சொல்லும் ‘பத்தவே மாட்டேங்குது’ என்ற புகாரில் பாதி, கிளாம்பை பெயின்ட் மேல் மாட்டியதால் வருவது.

முதலில் வெறும் தகட்டில் நேர்க்கோடு இழுங்கள். ராடை நகரும் திசைக்குப் பத்துப் பதினைந்து டிகிரி சாய்த்து, அதன் முனைக்கும் தகட்டுக்கும் நடுவே ராடின் கனத்தளவே இடைவெளி விட்டு, அவசரப்படாமல் இழுத்துவர வேண்டும். கேட் செய்யும் கடை ஒன்றில் கொஞ்ச நாள் உட்கார்ந்து பாருங்கள். அங்குள்ள அண்ணன் சொல்வது ஒன்றுதான்: ‘வெளிச்சத்தப் பாக்காத தம்பி, அதுக்குப் பின்னால ஓடுற தண்ணியப் பாரு.’ உருகிய இரும்புதான் அந்தத் தண்ணி. அதன் அகலம் ஒரே சீராக வந்தால் பீடும் சீராக வரும்.

கோடு வந்ததும் இரண்டு தகட்டை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றிப் பற்ற வையுங்கள். பிறகு ‘எல்’ மூலை. கடைசியாக விளிம்போடு விளிம்பு. ஸ்லாக் என்கிற கசடைச் சுத்தியலால் தட்டி எடுத்துப் பாருங்கள். பிறகு துண்டை வைஸில் இறுக்கி மடக்குங்கள். பற்று ஒரு பக்கம் பளபளப்பாக உரிந்து வந்தால் அது ஒட்டவே இல்லை, கரண்டைக் கூட்டுங்கள் அல்லது வேகத்தைக் குறையுங்கள். பற்று நின்று பக்கத்துத் தகடு கிழிந்தால் தேர்ச்சி. பார்க்க அழகான பீடு இந்தச் சோதனையில் தோற்பதும், அசிங்கமான பீடு நிற்பதும் உண்டு.

திறந்த ராடுப் பெட்டியை இந்த ஊர்க் காற்றில் வைத்தால் பூச்சு ஈரம் குடித்துவிடும். காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள். 7018 ராடு பலமானது என்று யாராவது சொல்வார்கள், உண்மைதான். ஆனால் ஈரம் குடித்த 7018ஐ 300 டிகிரிக்கு மேல் அடுப்பில் காய்ச்ச வேண்டும். வீட்டில் அந்த வசதி இல்லாதவருக்கு 6013 போதும்.

முறையாகக் கற்க விரும்பினால் ஐ.டி.ஐ.யில் வெல்டர் பிரிவு ஓராண்டுப் படிப்பு. நம் பக்கத்துத் திருச்சி இந்தத் தொழிலின் தலைநகரம் மாதிரி. பெல் ஆலை இருக்கிறது, அதன் வளாகத்திலேயே 1975இல் தொடங்கிய வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனமும் இருக்கிறது. அந்த வட்டாரத்தில் பயின்ற ஒரு வெல்டர் காரைக்காலில் கிடைத்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை வீட்டுக்கு அழைத்துச் சாப்பாடு போட்டு உங்கள் துண்டுகளைக் காட்டுங்கள்.

படி 6: துரு எங்கே முடிகிறது?

இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். ஜீப்பில் துரு குடியேறும் இடங்கள் ஏறக்குறைய எல்லா வண்டியிலும் ஒன்றுதான்: டிரைவர் கால் வைக்கும் ஃப்ளோர், சீட்டுக்கு அடியில் உள்ள டூல் பெட்டி, பின்சக்கரத்துக்கு மேலுள்ள மூலைகள், பின்பக்கத் தகட்டின் கீழ் ஓரம், கண்ணாடிச் சட்டத்தின் அடிப்பக்கம், பாடியைச் சேஸோடு பூட்டும் போல்ட்டைச் சுற்றி. ஃப்ளோருக்கு அடியில் அதைத் தாங்கும் பட்டைகளின் உட்புறத்தில் மண் அடைந்து, ஈரம் வற்றாமல் கிடக்கும்.

சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு கணீரென்று சொல்லும். போன தகட்டில் சத்தம் மந்தமாக இருக்கும். மந்தமான இடத்தை ஸ்க்ரூ டிரைவரால் குத்துங்கள். சாக்பீஸால் எல்லை வரையுங்கள். அந்த எல்லையிலிருந்து இன்னும் இரண்டு விரல்கடை தள்ளி வெட்டுங்கள். பழைய கடைக்காரர்கள் ஓட்டை மேல் ஒரு தகட்டை வைத்துச் சுற்றிப் பற்ற வைத்துவிடுவார்கள். இரண்டு தகட்டுக்கும் நடுவில் உப்புத்தண்ணீர் நிற்கும். சில மழைக்காலத்துக்குள் இரண்டும் சேர்ந்து போகும்.

கப் பிரஷ் போட்டுத் தேய்த்தால் துரு பளபளவென்று மாறும். அது போய்விட்டது என்று நினைக்கக்கூடாது, குழிக்குள் உப்பு அப்படியே இருக்கும். தேய்த்த இடத்தை நல்ல தண்ணீரால் கழுவி, துடைத்து, காயவைத்து, மறுபடி தேயுங்கள். கடற்கரை ஊரில் இதைச் செய்யாமல் அடிக்கும் பெயின்ட் எதுவும் நிலைக்காது. பழைய பெயின்ட்டில் ஈயம் இருந்திருக்கலாம் என்பதால் தேய்க்கும்போது முகத்தில் மாஸ்க் கட்டாயம்.

படி 7: ஃப்ளோரில் முதல் ஒட்டு

வெட்டும் முன், கதவு இடைவெளியில் குறுக்கே 25 மி.மீ. சதுர டியூபைப் பற்ற வைத்துப் பாடியை இறுக்குங்கள். மூலைக்கு மூலை டேப் பிடித்து அளவைச் சுவரிலேயே எழுதிவையுங்கள். பாடியைச் சேஸிலிருந்து கழற்றாமல், ஒரு பக்கம் முடித்த பிறகே மறுபக்கம் வெட்டுங்கள். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வெட்டினால் பாடி தொய்ந்து, போல்ட் துளைகள் பொருந்தாமல் போகும்.

வெட்டிய இடத்துக்குப் பழைய காலண்டர் அட்டையில் அச்சு எடுங்கள். கல்யாணப் பத்திரிகை அட்டை இன்னும் நல்லது, மடிப்புக்கு நிற்கும். அதை 18 கேஜ் சி.ஆர். ஷீட்டில், அதாவது 1.2 மி.மீ. தகட்டில் வரைந்து வெட்டுங்கள். மூலைகளை வளைவாக வெட்டினால் விரிசல் கிளம்பாது. துருப்பிடிக்காதே என்று ஜி.ஐ. தகட்டை எடுக்காதீர்கள். அதில் உள்ள துத்தநாகம் எரிந்து வரும் வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் அன்றிரவு காய்ச்சல் வரும்.

ஒட்டுத் தகட்டுக்கும் பழைய தகட்டுக்கும் நடுவே தகட்டின் கனத்தளவு இடைவெளி விட்டு, கிளாம்பால் பிடித்து, டாக் அடியுங்கள். எதிரெதிர் மூலைகளில் தொடங்கி, விரல்கடைக்கு ஒன்றாகச் சுற்றிலும் பொட்டு. கோலத்தில் முதலில் புள்ளி, பிறகு இழை. ஆனால் இங்கே இழையை ஒரே மூச்சில் இழுத்தால் தகடு சூட்டில் நெளிந்து அலை அலையாகிவிடும். இரண்டு பொட்டுக்கு நடுவே இன்னொரு பொட்டு, பிறகு எதிர்ப்பக்கம் போய் ஒன்று, கை வைத்தால் சுடாத அளவுக்கு ஆறிய பிறகு அடுத்தது. தண்ணீர் ஊற்றி ஆற்றாதீர்கள்.

ஓட்டை விழும். எல்லோருக்கும் விழும். உடனே அதே இடத்தில் மறுபடி பற்ற வைத்தால் பெரிதாகும். ஆறவிட்டு, பின்பக்கம் தட்டையாக்கிய செம்புத் துண்டை அழுத்திப் பிடித்து, ஓரத்திலிருந்து பொட்டுப் பொட்டாக அடையுங்கள். செம்பில் இரும்பு ஒட்டாது, சூட்டையும் அது இழுத்துக்கொள்ளும்.

ஃப்ளோர் அடிப்பட்டை மேல் உட்காரும் இடத்தில், மேல்தகட்டில் 6 அல்லது 8 மி.மீ. துளை போட்டு, துளை வழியாகப் பற்ற வைத்து நிரப்புங்கள். தொழிற்சாலையில் ஸ்பாட் வெல்டிங் செய்த இடத்துக்கு வீட்டில் இதுதான் ஈடு. கடைசியில் ஃப்ளாப் டிஸ்க்கால் மேலோட்டமாகத் தேயுங்கள். தேய்த்துத் தேய்த்துப் பற்றையே எடுத்துவிட்டு, பள்ளத்தை லம்பி என்கிற புட்டி வைத்து அடைப்பவர்களும் இருக்கிறார்கள். லம்பி தண்ணீரை உறிஞ்சும், ஃப்ளோரில் அதற்கு வேலையே இல்லை.

படி 8: சேஸ், ஸ்டியரிங், பட்டை

சேஸில் முதல் வண்டியிலேயே கை வைக்காதீர்கள். ஸ்பிரிங் பட்டைகள் தொங்கும் ஹேங்கர், ஸ்டியரிங் பெட்டி பூட்டிய இடம், குறுக்குச் சட்டம் இவற்றில் விரிசலைக் கண்டால் படம் எடுத்துக்கொண்டு அனுபவசாலியிடம் போங்கள். அவர் செய்யும்போது கூட நில்லுங்கள். விரிசலின் முனையில் துளை போட்டு, ‘வி’ ஆகத் தோண்டி, இரண்டு பக்கமும் பற்ற வைப்பதைப் பார்த்தால் பாதி வித்தை புரிந்துவிடும்.

ஸ்பிரிங் பட்டைகளிலும் ஸ்டியரிங் ராடுகளிலும் யாருமே வெல்டிங் செய்யக்கூடாது. பதம் வைத்த இரும்பு, சூடு பட்ட இடத்தில் கண்ணாடிபோல் முறியும். உடைந்தால் புதிது மாற்றுங்கள்.

படி 9: மழைக்கு முன் பெயின்ட்

ஐப்பசி மழை தொடங்கினால் டெல்டாவில் ஒன்றும் காயாது. தையில் வெட்டத் தொடங்கி, ஆவணிக்குள் பெயின்ட் முடிப்பதாகத் திட்டமிடுங்கள். வெறும் தகட்டை இரவு விட்டால் காலையில் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். ஆகவே அன்று முடித்த ஒட்டுக்கு அன்றே ப்ரைமர். வெறும் ரெட் ஆக்சைடு இந்த ஊருக்குப் போதாது, எபாக்ஸி ப்ரைமர் வாங்குங்கள். ஓரங்களுக்கு சீம் சீலர். அடிப்பட்டைகளுக்குள் மெழுகு கலந்த ஸ்ப்ரே. பலர் கழிவு ஆயிலை அடிப்பாகத்தில் அடிக்கிறார்கள். கொஞ்சம் காக்கும்தான், ஆனால் அது சொட்டி மண்ணிலும் குடிதண்ணீரிலும் இறங்கும். தண்ணீர் வெளியேறும் துளைகளை மட்டும் எதனாலும் அடைத்துவிடாதீர்கள். வண்டி ஓடத் தொடங்கிய பிறகு, கடற்கரை மணலில் இறக்கிய ஒவ்வொரு முறையும் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் அடித்துக் கழுவுங்கள்.

கடைசியாக ஒன்று. சேஸ் நம்பர் பொறித்த இடத்தைச் சுற்றி ஒரு சாணுக்குள் கிரைண்டரோ வெல்டிங்கோ போகக்கூடாது, கனமான பெயின்ட்டும் ஏறக்கூடாது. பதிவைப் புதுப்பிக்கப் போகும்போது அதன்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுப்பார்கள். எண் தெளிவாக விழாவிட்டால், எவ்வளவு அழகாகப் பற்ற வைத்திருந்தாலும் வண்டி வீட்டுக்குத் திரும்பி வந்துவிடும்.